மோகல் பழகச் சின்ன மேடே போதும்

பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீயில் பலரும் ஒரே இடத்தில் திரும்பித் திரும்பிச் சறுக்குவதால் குவியும் பனிமேடுகள்தான் மோகல். பழகுவதற்குக் மிகக் கடினமான சரிவான கறுப்புப் பாதை வேண்டவே வேண்டாம். சரிவு குறைந்த நீலப் பாதையில், பனியை இயந்திரம் சமன் செய்யாமல் விட்ட ஓரத்தைத் தேடுங்கள். மேடு முழங்காலுக்குக் கீழே இருந்தால் நல்லது. தடுமாறினால் சமன் செய்த பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம். இரவில் உறைந்த மேடு காலையில் கல் மாதிரி இருக்கும், கொஞ்சம் இளகிய பிறகு போங்கள்.

முதலில் திரும்பாமல் மேடுகளைக் குறுக்காகக் கடந்து பாருங்கள். உச்சியில் முழங்கால் மடங்கி மேலே வர வேண்டும், பள்ளத்தில் கால் நீள வேண்டும். தலையோ ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இது பிடிபட்டதும், உச்சியில் கையிலுள்ள கம்பை ஊன்றித் திரும்புங்கள். அங்கே ஸ்கீயின் இரு முனையும் அந்தரத்தில் நிற்பதால் பாதத்தைத் திருப்பினாலே போதும், உடம்பை முறுக்கத் தேவையில்லை. பிறகு மேட்டின் மறுபக்கத்தில் பக்கவாட்டாகச் சறுக்கி வேகத்தைக் குறைக்கலாம்.

பெரும்பாலும் விழுவது பயத்தில் பின்னால் சாய்வதால்தான். முன்முனை பனியை விட்டு எழும்பி, ஸ்கீ தன்பாட்டுக்கு ஓடிவிடும். காலின் முன்பக்கம் எப்போதும் பூட்ஸை அழுத்தட்டும். இரண்டு கையும் கண்ணில் படும்படி முன்னால் இருக்கட்டும்.