பழைய வேட்டியில் பச்சிளங்குழந்தைக்குச் சட்டை

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியைவிடப் பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டியே ஏற்றது. புதுத்துணியில் ஏற்றிய கஞ்சியின் விறைப்பு அதில் போயிருக்கும். கிழிசலும் கறையும் இல்லாத பகுதியைத் தேர்ந்து, கொதிநீரில் ஊறவைத்து அலசி, நல்ல வெயிலில் உலர்த்திய பிறகே வெட்டத் தொடங்க வேண்டும்.

60 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் உள்ள துண்டை முதலில் தோளுக்காகக் குறுக்காகவும், பிறகு நெடுக்காகவும் மடிக்க வேண்டும். இரு மடிப்புகளும் சேரும் மூலையே கழுத்து என்பதால், அங்கே 5 செ.மீ. அகலத்துக்குமேல் வெட்டிவிடக் கூடாது. கழுத்து சிறிதானால் பிறகு பெரிதாக்கலாம், பெரிதானால் துணி வீண்தான். தோள் மடிப்பிலிருந்து 11 செ.மீ. கீழே இறங்கிக் கைக்கு விட்டு, உடல் பகுதிக்கு நடு மடிப்பிலிருந்து 14 செ.மீ. வைத்துக்கொண்டு மீதியை நீக்க வேண்டும். அக்குளில் கூர்மையாகத் திருப்பாமல் வளைத்து வெட்டினால் அந்த இடம் கிழியாது. பின்பக்கத்தை மட்டும் நடுவில் மேலிருந்து கீழ்வரை திறக்க வேண்டும்.

தைப்பதில்தான் கவனம் தேவை. தையல் விளிம்பு குழந்தையின் தோலில் உரசாதிருக்க, துணியின் உட்புறங்களை ஒன்றோடொன்று சேர்த்து ஓடுதையல் போட்டு, வெளியே நிற்கும் பிசிரை மடித்துச் சட்டையின் மேற்பக்கமாகவே தைத்துவிட வேண்டும். பார்வைக்குச் சற்று முரடாகத் தெரியும், தவறில்லை.

பொத்தானும் ஊக்கும் வேண்டாம். அதே வேட்டியில் கிழித்த நாடாக்களை முதுகில் இரண்டு இடங்களில் தைத்தால் போதும். கழுத்தைச் சுற்றிக்கொள்ளாதபடி அவை குட்டையாக இருக்கட்டும்.