கல்லில் 1918, பதிவேட்டில் 1919

எங்கள் பூட்டனாரின் கல்லறையில் '1918 மாசி' என்று வெட்டியிருக்கிறது. பங்குக் கோவிலின் அடக்கப் பதிவேட்டில் 1919 பிப்ரவரி. மூத்த அத்தையைக் கேட்டால், "காளயுக்தி வருஷம் மாசி மாசம்லா" என்கிறார். ஆள் ஒருவர்தான், சாவும் ஒன்றுதான். நாகர்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் இது சகஜம்.

முதலில் கொல்லம் ஆண்டைப் பாருங்கள். நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, அங்கே அதுதான் புழக்கம். ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆங்கில ஆண்டு வேண்டுமானால் ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரி முதல் ஆடி முடிய 825. பூட்டனாரின் பழைய கல் தலைமாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அதில் 1094 மாசி. பிற்பாடு கல்லறையைப் புதுப்பித்தவர்கள் மாசிக்கும் 824-ஐயே கூட்டிவிட்டார்கள். அத்தை கணக்கும் சரி: காளயுக்தி 1918 சித்திரையில் தொடங்கி 1919 பங்குனியில் முடிகிறது. ஆனால் 1858-லும் 1978-லும் அதே பெயர்தான் வரும், அதனால் வருஷப் பெயரை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

கல்லைப் படிக்கக் காலையில் போங்கள், சாய்வெயிலில் எழுத்து தெரியும். அப்படியும் தெரியாவிட்டால் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அடித்த சுண்ணாம்பு எழுத்துப் பள்ளங்களை அடைத்திருக்கும். கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம், எழுத்தும் சேர்ந்து போய்விடும். நவம்பர் 2 அன்றே போனால் இன்னும் நல்லது. பக்கத்துக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வரும் பெரியவர்களிடம் பாதிக் கதை கிடைத்துவிடும்.

அப்புறம் பதிவேடு. உங்கள் ஊர் அப்போது வேறொரு பங்கின் கீழ் கிளைப்பங்காக இருந்திருந்தால் அந்தத் தாய்ப்பங்கில் கேளுங்கள். பழைய பதிவுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். ராயப்பன் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ். 'ஒபியித்' என்றால் இறந்த நாள், 'செபுல்துஸ்' என்றால் அடக்கம் செய்த நாள்; பெண்ணானால் 'செபுல்தா'. கல்லுக்கும் பதிவேட்டுக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டும் முரண்பட்டால் நான் பதிவேட்டின் பக்கம். அடக்கத்தை ஒட்டி எழுதியது அது. பல வருஷப் பதிவுகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், பின்னால் பெயர்த்தெழுதிய பிரதியாக இருக்கலாம்.

வயதை நம்பவே வேண்டாம். 60, 70 என்று முழு எண்ணாக இருந்தால் யாரோ உத்தேசமாகச் சொன்னது. அதை வைத்துக் கணக்கிட்ட பிறந்த வருஷத்துக்கு ஐந்தாறு வருஷம் முன்னும் பின்னுமாக ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடுங்கள்.