உருக்காலைப் பாதுகாப்பு: மழையில் நனைந்த ஸ்கிராப்பும் வேறு சில தவறுகளும்

சில வாரங்களுக்கு முன் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் உருக்காலைக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர்ந்திருந்த பாதுகாப்பு அலுவலர், அலுமினியம் பூசிய மேலங்கிகளும் முகக்கவசங்களும் வாங்கிய கணக்கை ஆர்வத்தோடு காட்டினார். உழைக்கிற இளைஞர். அவருடைய ஜன்னலுக்கு வெளியே ஸ்கிராப் முற்றம், அதாவது உருக்க வாங்கிய பழைய இரும்பைக் குவிக்கும் இடம், கூரையில்லாமல் கிடந்தது. மழைவிட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி ஒரு ஜன்னலின் முன் உட்கார்ந்து இதே கணக்கைத்தான் எழுதினேன். தலைக்கவசம், கையுறை, வழுக்கும் தரை பற்றி எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தருவார்கள், அவற்றை விட்டுவிட்டு, நாம் செய்யும் வேறு தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஸ்கிராப்பை உலைவாயில் சோதிப்பது

இண்டக்‌ஷன் உலையில், அதாவது மின்சாரத்தால் சூடாக்கும் உலையில், உருகிய எஃகு ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸில் இருக்கும். ஒரு லிட்டர் நீர் 100 டிகிரியில் ஆவியானாலே சுமார் 1,700 லிட்டராகப் பெருகிவிடும். எஃகின் மேல் தெறிக்கும் துளிகள் பெரும்பாலும் சீறி மறைந்துவிடும். எஃகுக்கு அடியில் மூழ்கியபின் ஆவியாகும் நீர்தான் ஆளைக் கொல்லும். அது விரிய இடமில்லாமல், மேலே இருக்கும் எஃகை உலைமேடை முழுவதும் வாரி இறைக்கும். ஆகவே சொட்டச் சொட்ட நனைந்த இரும்பைவிட, ஈரத்தை வயிற்றுக்குள் வைத்திருக்கும் இரும்புக்கு அதிகம் பயப்படுங்கள்: அழுத்திக் கட்டிய தகட்டுக் கட்டுகள், இரு முனையும் நசுங்கிய குழாய்கள், பழைய கம்ப்ரஸர்கள், மூடிய எரிவாயு உருளைகள். ஷாக் அப்சார்பருக்கு நீர்கூட வேண்டாம். உள்ளே அடைபட்ட எண்ணெயும் வாயுவும் போதும்.

நான் அப்போது வேலை பார்த்த ஆலையில் அது நடந்தது, ஐப்பசி அடைமழையின் நான்காம் நாள். இரவு ஷிப்ட். பாதி நிரம்பிய உலைக்குள் ஒரு தகட்டுக் கட்டைத் தள்ளினார்கள். வெளிப்பக்கம் காய்ந்துதான் இருந்தது. அடுத்த நொடி மேடையில் நெருப்பு மழை. பீகாரிலிருந்து வந்திருந்த தொழிலாளியின் மார்பை நான் வாங்கித் தந்த மேலங்கி காத்தது. கழுத்தும் இரு கைகளும் வெந்துபோயின. பல வாரம் மருத்துவமனையில் கிடந்தார்.

விசாரணை அறிக்கையில் ‘பணியாளரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த வரி இன்றும் என்னை உறுத்துகிறது. கண் கூசும் வெளிச்சத்தில், வெக்கையில், அடுத்தடுத்துக் கட்டுகளைத் தள்ளிக்கொண்டிருக்கும் ஒருவர், கட்டுக்குள் தேங்கிய நீரை எப்படிப் பார்த்திருக்க முடியும்? நான்கு நாள் முன்பே, முற்றத்தில், நான் பார்த்திருக்க வேண்டும். புதியவர்களின் அறிக்கைகளில் அதே வரியைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை எழுதிவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது. ஸ்கிராப் முற்றம் அப்படியே நனைகிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இரும்பு, எஃகுத் தொழிலுக்கென 2005-இல் வெளியிட்ட நடைமுறைத் தொகுப்பு, ஆபத்தை முதலில் நீக்கச் சொல்கிறது. முடியாவிட்டால் பிறக்கும் இடத்திலேயே கட்டுப்படுத்தச் சொல்கிறது. உடற்கவசத்தைக் கடைசியில் வைக்கிறது. நான் கடைசியில் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டேன்.

கூரைக்குப் பணமில்லை என்று முதலாளி சொல்வார். வெடிப்புக்குப் பிறகு உலை நின்ற நாட்களையும், உலையின் உட்சுவரான லைனிங் சேதமானதையும், சிகிச்சைச் செலவையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். நான் அப்படித்தான் கூரை வாங்கினேன். முற்றம் முழுவதையும் மூட முடியாவிட்டால், இரண்டு ஷிப்டுக்குத் தேவையான ஸ்கிராப்பையாவது கூரைக்கடியில் வையுங்கள். வெட்டித் திறக்காத உருளை வந்தால் எடைமேடையிலிருந்தே லாரியைத் திருப்பி அனுப்புங்கள். சந்தேகமான கட்டு உருகிய எஃகின் மேல் விழவே கூடாது.

அன்று அந்த இளைஞரை முற்றத்துக்கு அழைத்துப்போய், கிரேனால் ஒரு கட்டைத் தூக்கிச் சாய்க்கச் சொன்னேன். வெளியே காய்ந்திருந்த அந்தக் கட்டிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அவர் பேசவில்லை.

எர்த் லீக்கேஜ் அலாரத்தை அணைத்துவைப்பது

கூடவே கூடாது. லைனிங்கை அரித்துக்கொண்டு உருகிய எஃகு, உலையைச் சுற்றியுள்ள, நீரோடும் செம்புச் சுருளை நெருங்குகிறது என்று அது சொல்கிறது.

லைனிங் உடைக்கும் நாளைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

உலை குளிர்ந்திருப்பதால் அன்று ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். பழைய சிலிக்கா லைனிங்கை உடைக்கும்போதும், புதிய லைனிங்குக்கான சிலிக்காத் தூளை (ராமிங் மாஸ்) கொட்டி இடிக்கும்போதும் எழும் தூசி நுரையீரலின் அடிவரை போகும். மூக்கில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் தலைகாட்டப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஒப்பந்தத் தொழிலாளி மூன்று ஆலை மாறியிருப்பார். தூசி உறிஞ்சும் ஏற்பாடும் சரியான சுவாசக் கவசமும் கொடுங்கள். வேலைக்குச் சேரும்போதே மார்பு எக்ஸ்ரே எடுத்து, அதன் பிரதியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஊருக்குத் திரும்பியபின் அவரிடம் இருக்கப்போகும் சான்று அது.

விழுந்தவரைத் தூக்க வெறும் முகத்தோடு ஓடுவது

சத்தீஸ்கரின் பிலாய் உருக்காலையில் 2014 ஜூனில் பம்ப் ஹவுஸில் நீரழுத்தம் குறைந்து கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கசிந்தது. ஆறு பேர் இறந்தார்கள். அவர்களில் இருவர் துணைப் பொது மேலாளர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அனுபவத்துக்கும் அது தென்படாது. நிலக்கரி வாயுவால் உலை மூட்டும் சிறிய ரீரோலிங் ஆலைகளிலும் (எஃகை மறுபடி சூடாக்கி உருட்டும் ஆலைகள்) அதே வாயுதான் குழாயில் ஓடுகிறது. சட்டைப்பையில் கண்டறியும் கருவியும், அருகில் காற்று உருளையோடு கூடிய சுவாசக் கருவியும் இல்லாமல் யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

எச்சரிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதுவது

மேடையில் நிற்பவர்கள் போஜ்புரியும் ஒடியாவும் பேசுகிறார்கள்.