இருபதுக்கு இறங்கும் முன்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த சிறுநீரக நோயாளிகளுக்கு

சிறுநீரகக் கோளாறுடன் அமெரிக்காவில் குடியேறும் நம்மவர்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் அறிக்கைகளில் பெரும்பாலும் கிரியேட்டினின் (தசைகளில் உருவாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவு மட்டுமே அடிக்கோடு இடப்பட்டிருக்கும். இங்கே மருத்துவர்கள் இஜிஎஃப்ஆர் என்ற எண்ணை வைத்தே பேசுவார்கள். சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன என்று கிரியேட்டினின், வயது, பாலினம் ஆகியவற்றைக் கொண்டு ஆய்வகம் கணக்கிட்டுத் தரும் மதிப்பீடு அது. இலங்கையிலிருந்து வருபவர்களின் அறிக்கையில் கிரியேட்டினின் மைக்ரோமோலில் இருந்தால், அதை 88.4ஆல் வகுத்தால் இங்கு வழங்கும் மில்லிகிராம் கணக்கு கிடைக்கும்.

கிரியேட்டினினை மட்டும் பார்த்து நிலைமையை எடைபோடுவது எவ்வளவு தவறாகக்கூடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 50 வயதுள்ள ஆணுக்கும் அதே வயதுள்ள பெண்ணுக்கும் கிரியேட்டினின் 3.0 என்று வைத்துக்கொள்வோம். இப்போது நடைமுறையில் உள்ள 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தின்படி ஆணின் இஜிஎஃப்ஆர் ஏறத்தாழ 25, பெண்ணுடையதோ ஏறத்தாழ 18. அந்தப் பெண், இறந்தவர்கள் கொடையாகத் தரும் சிறுநீரகத்துக்கான மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில், முன்னுரிமையைக் கூட்டும் காத்திருப்புக் காலத்தைச் சேர்க்கத் தகுதி பெற்றுவிட்டார். ஆண் இன்னும் பெறவில்லை.

அந்தத் தகுதியின் எல்லை 20. பெரியவர்களுக்கு இஜிஎஃப்ஆர் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், அல்லது டயாலிசிஸ் தொடங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டு வழிகளுக்கும் இடையிலுள்ள ஒரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. டயாலிசிஸில் இருப்பவர் தாமதமாகப் பதிவு செய்தாலும், அவருடைய காத்திருப்புக் காலம் டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். டயாலிசிஸ் தொடங்காதவருக்கு அந்தச் சலுகை இல்லை. இஜிஎஃப்ஆர் 20ஐத் தொட்ட பிறகும் பதிவு செய்யாமல் கழிந்த மாதங்கள் அவருக்குத் திரும்பக் கிடைக்காது. டயாலிசிஸ் பெரும்பாலும் அளவு 10க்கு அருகிலோ அதற்கும் கீழேயோ சென்ற பிறகுதான் தொடங்கப்படுகிறது என்பதால், இடைப்பட்ட காலம் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். சுமார் 90,000 பேர் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் நாட்டில் அந்த ஆண்டுகளை இழப்பது எனக்கு மிகுந்த வேதனை தரும் விஷயம்.

ஆகவே இஜிஎஃப்ஆர் 25 முதல் 30க்குள் இருக்கும்போதே, மாற்றுச் சிறுநீரக மையத்துக்குப் பரிந்துரைக்குமாறு உங்கள் நெஃப்ராலஜிஸ்டிடம் (சிறுநீரக மருத்துவர்) நீங்களே கேளுங்கள். அவராகச் சொல்லட்டும் என்று மரியாதை கருதிக் காத்திருக்க வேண்டாம். இங்கே நோயாளி கேட்பதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. 21, 22 என்று எல்லையை ஒட்டி நிற்பவர்கள், குறிப்பாக உடல் மெலிந்தவர்கள், சிஸ்டாட்டின்-சி இரத்தப் பரிசோதனையோ 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையோ செய்யலாமா என்றும் கேட்க வேண்டும். தசை குறைந்த உடலில் கிரியேட்டினின் குறைவாக உற்பத்தியாவதால், சிறுநீரகம் உள்ளதைவிட நன்றாக இயங்குவதுபோல் அந்த மதிப்பீடு காட்டிவிடும்.

மையத்தில் நடக்கும் மதிப்பீட்டுக்குப் பல மாதங்கள் ஆகலாம். இதயப் பரிசோதனை, புற்றுநோய்ப் பரிசோதனைகள், பல் மருத்துவரின் சான்று, வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் உண்டா என்ற விசாரணை எல்லாம் அதில் அடங்கும். காசநோய்ப் பரிசோதனை நம்மவர்களுக்கு முக்கியமானது. சிறுவயதில் போட்ட பிசிஜி தடுப்பூசியால் தோல் பரிசோதனை தவறான முடிவு காட்டக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். ஊரில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் அதன் தொடக்கத் தேதியுள்ள ஆவணங்களை மையத்திடம் ஒப்படைக்க வேண்டும். மதிப்பீடு முடிந்ததாலேயே பட்டியலில் சேர்ந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. பதிவு செய்த 10 வேலைநாட்களுக்குள் மையம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் சேரக் குடியுரிமை தேவையில்லை, ஆனால் இன்சூரன்ஸ் தேவை. பணியிட இன்சூரன்ஸை நம்பியிருப்பவர்கள் வேலை மாறும் முன்பே மையத்தின் நிதி ஒருங்கிணைப்பாளரிடம் பேசிவிட வேண்டும். கிரீன் கார்டில் வந்த பெற்றோருக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சிறுநீரகச் செயலிழப்புக்காகக் கிடைக்கும் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு, நோயாளியோ அவருடைய வாழ்க்கைத் துணையோ இங்கு வேலை செய்து வரி செலுத்தியிருந்தால்தான் கிடைக்கும், மகனோ மகளோ செலுத்திய வரி பெற்றோருக்கு உதவாது.

திருமணத்துக்காக இரண்டு மாதம் ஊருக்குப் போவதானால் மையத்திடம் சொல்லிவிட்டுப் போங்கள். தற்காலிகமாக உங்களைச் செயலற்ற நிலையில் வைப்பார்கள். அப்போது சிறுநீரகம் ஒதுக்கப்படாது, ஆனால் காத்திருப்புக் காலம் தொடர்ந்து சேரும். வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் சேர்த்த காலத்தைப் புதிய மையத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நம்மவரிடையே பி வகை இரத்தம் கணிசமாக இருக்கிறது. அந்த வகையினர் நீண்ட காலம் காத்திருக்க நேரிடுவதால், ஏ வகை இரத்தத்தின் ஏ2 உட்பிரிவைச் சேர்ந்த கொடையாளரின் சிறுநீரகத்தை ஏற்கத் தாங்கள் தகுதியுள்ளவரா என்று கேட்க வேண்டும். உயிருள்ள உறவினர் தருவதானால் பட்டியலுக்காகக் காத்திருக்கவே தேவையில்லை. ஊரிலுள்ள தம்பியோ அக்காவோ முன்வந்தால், அவர்களுடைய விசா விண்ணப்பத்துடன் இணைப்பதற்கான கடிதத்தை மையத்தின் கொடையாளர் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். விசாவுக்கு எடுக்கும் காலத்தையும் எண்ணிப் பார்த்தால், அதைக் கேட்க வேண்டிய நாளும் டயாலிசிஸுக்கு வெகு முன்னால்தான்.