பட்டென்று அணைந்த கணினி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே செம்பனைத் தோட்டம். லாரி ஒன்று போனால் போதும், செம்மண் புழுதி நேராகக் கூடத்துக்கு வந்துவிடும். போன மாதம் கணினி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டென்று அணைய ஆரம்பித்தது. கடையில், பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டு போய்விட்டது, 400 ரிங்கிட் ஆகும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் பார்த்தால், சும்மா இருக்கும்போதே கணினியின் மூளையான பிராசஸரின் சூடு 88 டிகிரி. பல பிராசஸர்கள் 100 டிகிரியை ஒட்டியதும் வேகத்தைக் குறைக்கும். அப்போதும் சூடு அடங்காவிட்டால் தாமே அணைந்துவிடும். சரி, குற்றவாளி சூடுதான்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பிராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கின் இடுக்கெல்லாம் புழுதி மெத்தை மாதிரி. மூலையில் இரண்டு பல்லி முட்டைகள்! காற்றாடி சுழலாமல் ஈர்க்குச்சி செருகி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். ஹீட்சிங்கைக் கழற்றினால், அதற்கும் பிராசஸருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். நிறையத் தடவினால் நல்லது என்பது வெறும் நினைப்பு.

மூடிப் போட்டால் திரை இருட்டு! வயிறு கலங்கிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, துடைக்கும்போது கை பட்டு ராம் என்ற நினைவகப் பலகை தளர்ந்திருக்கிறது. ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். இப்போது 45 டிகிரி. பெட்டியையும் தரையிலிருந்து முக்காலிக்கு ஏற்றிவிட்டேன்.

பல்லி முட்டைகளை அம்மா பத்திரமாக வாங்கிக்கொண்டு போய்ச் செம்பருத்திச் செடியடியில் வைத்துவிட்டார்.