சரிசெய்த சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) சத்தம் கூட்டினால் கரகரக்கிறதா?

முதலில் வேறொரு நல்ல சப்வூஃபரை அதே ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) மாட்டிப் பாருங்கள், அதுவும் கரகரத்தால் ஆம்பில் உள்ள கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) குறையுங்கள், ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. அது சுத்தமாகப் பாடினால் பழுது பார்த்ததில்தான் கோளாறு. ஆம்பை அணைத்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் கோனின் (ஸ்பீக்கர் முன்பக்கம் அசையும் கூம்பின்) எதிரெதிர்ப் பக்கம் வைத்து மெதுவாக, சமமாக அமுக்குங்கள். உப்புத்தாள் தேய்ப்பது போல 'சர்ர்' என்று கேட்டால் வாய்ஸ் காயில் (கோனோடு ஒட்டி காந்த இடைவெளியில் அசையும் கம்பிச்சுருள்) உரசுகிறது. கோனை நடுவில் நிறுத்தாமல் ஒட்டியிருப்பார்கள், பிரித்து மறுபடி ஒட்டத்தான் வேண்டும், அப்படியே ஓட்டினால் காயில் போய்விடும், தயவுசெய்து ஓட்டாதீர்கள். உரசல் இல்லையா? சரி, டெர்மினலிலிருந்து (வயர் மாட்டும் முனையிலிருந்து) கோனுக்குப் போகும் பின்னல் கம்பிகளைப் பாருங்கள். நீளம் கூடினால் கோனில் அடிக்கும், குறைந்தால் இழுபட்டு விட்டுவிட்டுத் தொடும். அப்புறம் வயரைக் கழற்றி டெர்மினலில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள், 4 ஓம் காயிலுக்குச் சுமார் 3.5 ஓம் காட்டும், கோனை அமுக்கிப் பிடித்தபடி அளக்கும்போது எண் எகிறினால் சால்டரோ (ஈயப் பற்று) பின்னல் கம்பியோ விட்டிருக்கிறது.