ராணுவ விமானப் பாகத்தின் டிராயிங் பட்டறைக்கு வந்தால்

சிங்கப்பூரில் துவாஸிலோ லோயாங்கிலோ உள்ள ஒரு பட்டறைக்கு அமெரிக்க நிறுவனம் போர் விமானப் பாகத்தின் டிராயிங்கை (பொறியியல் வரைபடத்தை) அனுப்புகிறது என்றால், அதற்கு முன் அந்நாட்டு அரசின் அனுமதி வந்திருக்க வேண்டும். யாருக்கு, எந்தப் பாகத்துக்கு, எந்த வேலைக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். விலை சொல்வதற்கு முன் அதன் நிபந்தனைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். “பிறகு அனுப்புகிறோம்” என்றால் கோப்பைத் திறக்காதீர்கள்.

கோப்பு திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அளவுகளை அல்ல, டிராயிங்கின் கீழ் மூலையில் உள்ள விவரக் கட்டத்தை. ஐடார் (அமெரிக்காவின் ராணுவப் பொருள், தொழில்நுட்ப ஏற்றுமதி விதிகள்) என்றிருந்தால் அமெரிக்க வெளியுறவு அமைச்சின் கட்டுப்பாடு. 9ஏ610 போன்ற ஏற்றுமதி வகைப்பாட்டு எண் இருந்தால் அமெரிக்க வர்த்தக அமைச்சின் கட்டுப்பாடு. எதுவுமே இல்லையென்றால் கட்டுப்பாடு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது, கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

அடுத்து, யார் பார்க்கலாம்? நம் பட்டறைகளில் திருச்சிக்காரர், ஜொகூர்க்காரர், சீனாவிலிருந்து வந்த புரோகிராமர் எல்லாரும் ஒரே மேசையில் வேலை செய்கிறார்கள். ஐடார் அவர்களை ஒரே நிறுவனத்து ஊழியர்களாக மட்டும் பார்ப்பதில்லை. இப்போதைய குடியுரிமை, முன்பு வைத்திருந்த குடியுரிமை, நிரந்தரவாசம் மூன்றையும் கணக்கில் எடுக்கும். சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசம்) கிடைத்தாலும் பழைய பாஸ்போர்ட்டின் கணக்கு தீராது. சீனா ஐடாரின் தடைப் பட்டியலில் உள்ள நாடு. ஆகவே வேலையில் இறங்கும் ஒவ்வொருவரின் விவரத்தையும் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே கொடுத்து, ஒப்புதல் கிடைத்தவர்களுக்கு மட்டும் கோப்பைத் திறந்துவிடுங்கள்.

பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் வாட்ஸ்அப். ஹீட் டிரீட்மென்ட் (உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் வேலை) எங்கே மலிவு என்று பார்க்க, ஆபரேட்டர் டிராயிங்கைப் படமெடுத்து மலேசியாவின் ஜொகூர் பாருவில் உள்ள கடைக்கு அனுப்புவார். அந்த ஒரு படமே ஏற்றுமதி. வெளிநாட்டில் பாகம் செய்து வாங்கும் ஐடார் ஒப்பந்தங்களில், டிராயிங்கை அதே நாட்டில் உள்ள துணை ஒப்பந்தக்காரருக்கு மட்டுமே காட்டலாம், அவரும் அதே நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. இங்கே சிங்கப்பூர்ச் சட்டமும் குறுக்கே நிற்கும்: 2003 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள ஸ்ட்ராட்டஜிக் கூட்ஸ் (ராணுவத்துக்குப் பயன்படக்கூடிய பொருட்கள்) கட்டுப்பாட்டுச் சட்டம், பொருளுக்கு மட்டுமல்ல, மின்னஞ்சலில் போகும் தொழில்நுட்பத்துக்கும் பெர்மிட் கேட்கிறது. முதல் குற்றத்துக்கே 100,000 வெள்ளி அல்லது பொருள் மதிப்பின் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சிங்கப்பூர்ச் சுங்கத்துறை பெர்மிட் கொடுத்துவிட்டால் அமெரிக்க அனுமதி தேவையில்லை என்று நினைப்பவர்கள் பலர். இரண்டும் தனித்தனி, இரண்டும் வேண்டும்.

இவ்வளவு கறார் ஏன் என்றால், நாடுகளுக்கிடையே உள்ள நம்பிக்கை இந்தச் சின்ன இடங்களில்தான் சோதிக்கப்படுகிறது. அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்துக்கு 900க்கும் மேற்பட்ட பாகங்கள் செய்துவந்த துருக்கி, ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணைகளை வாங்கியதும் 2019 ஜூலையில் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. சிங்கப்பூர் அதே எஃப்-35 விமானத்தில் 20 வாங்குகிறது. நம் ஃபார்மிடபள் வகைப் போர்க்கப்பல்கள் ஆறில் முதலாவது பிரான்சின் லோரியாங்கில் கட்டப்பட்டது. மற்ற ஐந்தும் இங்கே சிங்கப்பூரில், பெனோயில் கட்டப்பட்டன. டிராயிங்கை நம்பிக் கொடுத்ததால் வந்த வேலை அது.

கவனிக்காமல் விடப்படுபவை இரண்டு. ஒன்று, சிஎன்சி (கணினிக் கட்டளையில் இயங்கும்) எந்திரத்தின் நினைவகம்: வேலை முடிந்தபின் புரோகிராமை அழியுங்கள், யூஎஸ்பியையும் சேர்த்து. மற்றொன்று ஸ்கிராப். கழிந்த பாகத்தை அப்படியே பழைய இரும்பு வியாபாரியிடம் போடாமல், வடிவமும் துளைகளும் தெரியாதபடி குறுக்கே அறுத்து, படமெடுத்துப் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் டிராயிங்கைத் திருப்பிக் கொடுங்கள் அல்லது அழித்ததற்கு எழுத்துச் சான்று கொடுங்கள். பதிவேடுகள் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இருக்கட்டும்.

தவறாக ஒரு கோப்பு வெளியே போய்விட்டதா? அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். யாருக்கு, எப்போது, எந்தப் பக்கம் போனது என்று குறித்துக்கொண்டு, வேலையை நிறுத்தி, அன்றைக்கே வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். தானாக முன்வந்து தெரிவிப்பதை அமெரிக்க வெளியுறவு அமைச்சு தண்டனையைக் குறைக்கும் காரணமாக எடுத்துக்கொள்ளும். மறைத்து வைத்தது தெரியவந்தால் அந்தச் சலுகையும் போய்விடும்.